இரண்டு மணிக்கு வெளியேறியவன்

மிஷின் தெரியாதவன் என்று யாராவது என்னைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். முப்பத்து நான்கு வருஷம் நெய்வேலிச் சுரங்கத்தில், கரியும் மண்ணும் போகும் கன்வேயர் பெல்ட்டுகளின் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தவன் நான். அங்கே முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தபோது, ஷாக் அடிக்குமோ என்று மற்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். நான்தான் போய் நாற்காலியை இழுத்துப் போட்டேன். எங்கள் பிளாக்கில் நான் பிரித்துப் போடாத மிக்சி கிடையாது. அதில் சில திரும்ப ஓடவும் செய்தன.

ஆனால் வாட்ஸ்அப் என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதெல்லாம் தொழில்நுட்பமா? வேலைவெட்டி இல்லாதவன் இன்னொரு வேலைவெட்டி இல்லாதவனுக்கு ரோஜாப்பூப் படம் அனுப்புவது. இதுதான் என் கட்சி. கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன். ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்கு வந்த பிறகும் சட்டைப் பையில் பட்டன் போன்தான். தெருமுனை செல்போன் கடைக்காரருக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு.

"இன்னா சார், அம்மாம் பெரிய பெல்ட்டெல்லாம் ஓட்டிகினு இருந்தவரு, இன்னும் இந்த டப்பாவ வச்சிகினு சுத்துறீங்க?"

"இந்த டப்பா கீழ விழுந்தா தரைதான் உடையும். உன் கடையில இருக்கறது எல்லாம் தாங்குமா?" என்று கேட்பேன். அவர் அதற்கும் சிரிப்பார்.

என் கட்சி மகளால் கவிழ்ந்தது. சென்னையில் வேலை பார்க்கிறவள், கல்யாணம் நிச்சயமானதும் ஒரு பெரிய போனைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். பத்திரிகை மாடல், மண்டபம், புடவை எல்லாமே இனிமேல் குரூப்பில்தான் பேசுவார்களாம். "நீங்க இல்லாம எப்படிப்பா?" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் விழுந்துவிட்டேன். பெண்ணைப் பெற்றவனுக்கு முதுகெலும்பு என்று தனியாக எதுவும் கிடையாது.

குரூப் என்பது என் மனைவி வழிச் சொந்தக்காரர்கள் முப்பது பேர். அதற்கு அட்மின் என் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. கோவில்பட்டியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். பாலிடெக்னிக் படிப்பதற்காக மூன்று வருஷம் எங்கள் குவார்ட்டர்ஸில்தான் தங்கியிருந்தான். என் மகள் அப்போது கைக்குழந்தை. அவனுடைய முதுகிலும் தோளிலும்தான் வளர்ந்தாள் என்று சொன்னால் அது மிகையில்லை.

சரி, சேர்ந்தாயிற்று. எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது என் குணம். கன்ட்ரோல் ரூமில் மூன்று விதிகள். ஒன்று, எந்தச் செய்தி வந்தாலும் கிடைத்தது என்று நேரத்தோடு பதில் சொல்ல வேண்டும். இரண்டு, அதை லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். ஷிப்ட் முடிந்தால் கம்ப்யூட்டரிலிருந்து நம் பெயரை வெளியே எடுத்துவிட வேண்டும். நாம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நம் பெயர் உள்ளே கிடந்து, எங்கேயாவது பெல்ட் கிழிந்தால் மெமோ நமக்குத்தான் வரும்.

குரூப்பில் நான் ஃபஸ்ட் ஷிப்ட் எடுத்துக்கொண்டேன். காலை ஆறு முதல் மதியம் இரண்டு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு, பேனா.

"காலை வணக்கம் கிடைத்தது. நேரம் 6.04."

"பிறந்தநாள் செய்தி கிடைத்தது. நேரம் 7.15. யாருக்கு என்பது குறிப்பிடப்படவில்லை."

மனைவியின் சித்தி ஒருத்தர் தினமும் சர்க்கரைக்கு வெந்தய வைத்தியம் அனுப்புவார். அவருக்கு, "தகவல் கிடைத்தது. நேரம் 8.30. இது யார் சொன்னது? உறுதிசெய்து மீண்டும் அனுப்பவும்" என்று போட்டேன். அவர் உறுதிசெய்யவில்லை. மறுநாளும் வெந்தயம்தான் வந்தது.

மணி இரண்டு அடித்தால் வேலை முடிந்தது. குரூப்புக்குள் தேடிப் பார்த்து, வெளியேறுவதற்கு ஒரு பொத்தான் இருப்பதை நானே கண்டுபிடித்திருந்தேன். அதை அமுக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன். மறுநாள் காலையில் யாரோ என்னை உள்ளே எடுத்திருப்பார்கள். அது மச்சினன்தான் என்று தெரிந்துகொண்டேன். சுரங்கத்து வாசலில் கேட்டைத் திறந்துவிடும் செக்யூரிட்டி மாதிரி, அது அவனுடைய வேலை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒருநாள் ஆறே முக்காலுக்குத்தான் எடுத்தான். நோட்டில் "கேட் தாமதம்" என்று எழுதி வைத்தேன். அவனோ, அத்தானுக்குக் கைதவறிப் பட்டுவிடுகிறது, வயசாகிவிட்டது பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தானாம்.

இப்படிப் பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் மதியம் மச்சினன் ஒரு போட்டோ போட்டான். கோவில்பட்டியில் அவன் கட்டிக்கொண்டிருந்த வீடு. பெயின்ட் அடித்து முடித்து, வாசல் நெற்றியில் என் மாமனார் பெயரைப் பொறித்திருந்தான். அவர் கடைசிவரை வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டுப் போனவர். கீழே, "நம்ம வீடு. அப்பா ஆசைப்பட்டது" என்று எழுதியிருந்தான். குரூப்பே கண்ணீர் விட்டது. சித்தி வெந்தயத்தை மறந்து நாற்பது கும்பிடு போட்டார்.

நான் மணியைப் பார்த்தேன். "போட்டோ கிடைத்தது. நேரம் 1.58" என்று பதில் போட்டேன். நோட்டில் எழுதினேன். மணி இரண்டு. வெளியேறினேன்.

மறுநாள் ஆறு மணிக்கு கேட் திறக்கவில்லை. ஏழுக்கும் திறக்கவில்லை. நாற்காலியில் நான் தேமே என்று உட்கார்ந்திருக்க, உள்ளேயிருந்து மனைவி கையில் கரண்டியோடு வந்தாள்.

"என் தம்பிய என்ன பண்ணினீங்க?"

"நானா? என்ன பண்ணினேன்?"

"அப்பா பேரப் போட்டு வீடு கட்டி, மொதமொத நம்ம எல்லாருக்கும்தான் காட்டியிருக்கான். அடுத்த ரெண்டாவது நிமிஷம் குரூப்ப விட்டே வெளிய போயிருக்கீங்க! 'அக்கா, அத்தானுக்கு என் வீட்டப் பாக்கக்கூடப் பிடிக்கலையா'ன்னு போன்ல அழுறான் அவன்."

"ஷிப்ட் முடிஞ்சா வெளிய போறதுதானே முறை?" என்று கேட்டேன். அதை அந்த நேரத்தில் கேட்டிருக்கக் கூடாது. கரண்டி தரையில் விழுந்த சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

மகள் போனில் பொறுமையாக விளக்கினாள். அது லாக்-அவுட் இல்லையாம். உறவே வேண்டாம் என்று எழுந்து போவதற்கு அதுதான் அடையாளமாம். நான் எழுந்து போனது அட்மினுக்கு உடனே தெரியுமாம். பன்னிரண்டு நாளாக என் மச்சினனிடம் தினமும் மதியம் இரண்டு மணிக்கு உறவு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதில் வந்த வினை சாதாரணமில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாய்மாமன்தான் பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணமேடைக்கு நடத்திக் கூட்டிவருவான். மச்சினன் தன் அக்காவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டான். "கல்யாணத்துக்கு வாரேன்க்கா. கூட்டத்தோட கூட்டமா உக்காந்து சாப்பிட்டுட்டுப் போறேன். மாலை, மேடையெல்லாம் வேற யாரையாவது பாத்துக்கோங்க." தாய்மாமனுக்கு வேற யாரையாவது எங்கே போய்ப் பார்ப்பது? அதைக் கேட்ட என் மகள், "மாமா வந்து கூப்பிடாம நான் ரூம விட்டு வெளிய வரமாட்டேன்பா. மாப்பிள்ளையே வந்து கூப்பிட்டாலும் சரி" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று மனைவி என்னைப் பார்த்தாள்.

நேரில் போய்த் தாம்பூலத் தட்டு வைத்து அழைத்தால் சரியாகிவிடும் என்று இருவரும் கிளம்பினோம். விருத்தாசலத்தில் ரயில் ஏறியதிலிருந்து மனைவி எனக்குப் பாடம் எடுத்தாள். "தப்பு எம்மேலதான்னு சொல்லுங்க. வீடு நல்லா இருக்குன்னு சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை பேசிராதீங்க." நானும் கோவில்பட்டி வரைக்கும் மனப்பாடம் பண்ணிக்கொண்டே வந்தேன்.

மச்சினன் வாசலுக்கு வந்து "வாங்க அத்தான்" என்றான். மரியாதையெல்லாம் இருந்தது, சிரிப்புதான் இல்லை. காபி வந்தது. மனைவி தட்டை நீட்டினாள், நானும் வாயைத் திறந்தேன். அந்தப் பாழாய்ப்போன நேரத்தில் என் கண் சுவரில் இருந்த மெயின் போர்டில் போய் விழுந்தது.

"எர்த்திங் எங்க குடுத்திருக்க? இது தப்பாச்சே! ஈரக்கையால தொட்டா ஆளையே தூக்கிருமே!"

அந்த வீட்டுக்கு வயரிங் முழுவதையும் அவனே தன் கையால் செய்திருக்கிறான். இருபது வருஷமாகக் கரண்ட்டில் புழங்குகிறவன். அவன் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். "அத்தானுக்கு என் வீட்டுல குறை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவன், நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. திரும்பி வரும் ரயிலில் மனைவி எனக்கு எதிர் சீட்டில் உட்காரவில்லை. வேறு பெட்டிக்கே போய்விட்டாள்.

கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே வாரம். வீட்டில் எனக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. நேரில் பேசினால் என் வாய் என்னைக் கவிழ்த்துவிடுகிறது. மச்சினன் போனை எடுப்பதில்லை. எழுதி அனுப்பலாம் என்றால், என் கட்டைவிரல் ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து வந்து விழுகிறது. "மன்னித்துக்கொள்" என்று முடிப்பதற்குள் எனக்கே கோபம் வந்துவிடும். வேறு வழியில்லாமல் செல்போன் கடைக்குப் போனேன்.

"எழுத வேணாம் சார், பேசியே அனுப்பலாம். இதோ இந்த மைக்க அமுக்கிகினு பேசுங்க. வாக்கி டாக்கி மாதிரிதான்" என்றார் அவர்.

வாக்கி டாக்கி! எனக்கு அப்படியே உயிர் வந்தது. முப்பத்து நான்கு வருஷம் அமுக்கிப் பேசிய கட்டைவிரல் இது.

"ஆனா ஒண்ணு சார், விரல வுட்டீங்கன்னா..."

"யோவ், எனக்கே வாக்கி டாக்கி கத்துக்குடுக்கிறியா?" என்று அவரை அடக்கிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு அவரை முழுசாகப் பேச விட்டிருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

மறுநாள் காலை மனைவி போனை வைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போனாள். நாலு பேர் முன்னால் நடந்த அவமானத்துக்கு நாலு பேர் முன்னால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். என்னைத்தான் குரூப்பில் சேர்க்கவில்லையே. அதனால் அவளுடைய போனை எடுத்தேன். முதலில் நாலைந்து தரம் பேசிப் பழகிக்கொண்டு, நன்றாக வந்ததும் அனுப்பலாம் என்பது திட்டம். மைக்கை அமுக்கினேன்.

"ஹலோ ஹலோ, கன்ட்ரோல் பேசுறேன்... சே. கேன்சல்."

விரலை எடுத்துவிட்டு மறுபடி அமுக்கினேன். "மச்சான், அத்தான் பேசுறேன். மேற்படி சம்பவம் தொடர்பாக என் வருத்தத்தைத் தெரிவிச்சுக்கறேன். ஓவர்... இது என்ன மெமோவுக்குப் பதிலா? கேன்சல்."

"மச்சான், தப்பு எம்மேலதான். ஆனா எர்த்திங் தப்புதான். அத நான்... கேன்சல், கேன்சல்."

"ஏன்டா, உங்க சித்தி தினமும் அனுப்புற அந்த வீணாப்போன வெந்தயத்துக்கே பதில் போட்டவன்டா நான். உன் வீட்டப் புடிக்கலைன்னு சொல்வேனா? கேன்சல்."

ஐந்தாவதில் குக்கர் விசில் அடித்துவிட்டது. அதையும் கேன்சல் செய்தேன். ஆறாவது தரம் அமுக்கினேன். போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு நானே புலம்பினேன். நெய்வேலி டவுன்ஷிப்பில் மாறிப்போயிருந்த என் பேச்சு, எப்படியோ கோவில்பட்டிப் பக்கத்து ஊர்ப் பேச்சாகத் திரும்பியிருந்தது.

"என்னத்தச் சொல்ல... பிள்ள மொதமொத நடந்ததே அவன் விரலப் பிடிச்சுதான். நான் நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூங்குதேன். 'அத்தான், பாப்பா நடக்கா, அத்தான், பாப்பா நடக்கா'ன்னு வந்து எழுப்புதான். தூக்கத்தக் கெடுக்காதலேன்னு ஏசுனேன். மனசு கேக்காம எந்திரிச்சு வந்து பாத்தா, பிள்ள உக்காந்துட்டு. நான் பாக்கவே இல்ல. அவன்தான் பாத்தான். அன்னைக்கு நடக்க வச்சவன்தான மேடைக்கும் நடத்திக் கூட்டிட்டு வரணும்? வேற எவனுக்கு அந்த உரிமை இருக்கு? அவன் வரலைன்னா நான் எங்க போயி முட்டிக்கிட..."

விரலை எடுத்தேன். மூக்கைச் சிந்தினேன். இதுவும் சரியில்லை, ஏழாவது தரம் பேப்பரில் எழுதி வைத்துப் படிக்கலாம் என்று பேனாவைத் தேடும்போது என் போன் அடித்தது. மகள்.

"அப்பா! அம்மா போன கீழ வைங்க! எதையும் அமுக்காதீங்க!"

"ஏம்மா?"

"விரல எடுத்தா போயிடும்பா! நீங்க பேசின ஆறும் குரூப்புக்குப் போயிடுச்சு!"

"கேன்சல்னு சொன்னேனேம்மா!"

"யார்கிட்டப்பா சொன்னீங்க?" அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குக் காது அடைத்துவிட்டது. வெந்தயம், எர்த்திங், குக்கர், மூக்கு, எல்லாமே முப்பது பேர் காதில்.

"அழிக்க வழியிருக்கா?"

"இருக்கு. ஆனா நான் சொல்லித்தர மாட்டேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

கன்ட்ரோல் ரூமில் இருந்தவனுக்குத் தெரியும், செய்தி சொல்லிவிட்டுப் பதில் வராமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று. குரூப்பில் ஒரு ஈ காக்காய் இல்லை. காலை வணக்கம்கூட நின்றுவிட்டது. காய்கறிப் பையோடு வந்த மனைவி என் முகத்தைப் பார்த்தாள், போனை வாங்கினாள், ஆறையும் வரிசையாகக் கேட்டாள். ஆறாவதை இரண்டாம் தரம் கேட்டாள். பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவரைக்காயை நறுக்க ஆரம்பித்தாள். கோவில்பட்டி ரயிலுக்குப் பிறகு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தது அப்போதுதான்.

பாதி அவரைக்காய் ஆனபோது என் போன் துடித்தது. கேட் திறந்துவிட்டது. மச்சினன் என்னைக் குரூப்பில் சேர்த்திருந்தான். அடுத்த நிமிஷம் அவன் குரல்.

"அத்தான், ஆறு மெசேஜும் கிடைச்சிட்டு. நேரம் பதினொண்ணு இருபது." அவனும் மூக்கைச் சிந்துவது கேட்டது. "எர்த்திங்க நீங்க போன மறுநாளே தோண்டி மாத்திட்டேன். நீங்க சொன்னது சரிதான். பிள்ளைய நான் கூட்டிட்டு வாரேன் அத்தான். மாலையும் நான்தான் வாங்குவேன், வேற எவனாவது வாங்கினா நடக்கதே வேற. ஓவர்."

அதற்கு மேல் குரூப்பில் எல்லாருமே ஓவர் போட ஆரம்பித்தார்கள். சித்தி மட்டும், "வீணாப்போன வெந்தயம் கிடைத்தது. நேரம் 11.31" என்று போட்டார். அவரிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

கல்யாணம் மந்தாரக்குப்பத்து மண்டபம் ஒன்றில். முகூர்த்த நேரம், பெண்ணை அழைத்து வாருங்கள் என்று ஐயர் சொன்னார். நான் மேடையில் பட்டு வேட்டியோடு நிற்கிறேன். மச்சினன் மாலையோடு மணமகள் அறை வாசலில் நிற்கிறான். அந்த நேரம் பார்த்து மண்டபத்தில் கரண்ட் போனது. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற நெய்வேலியில், என் மகள் கல்யாணத்தில்!

வெளியே தெருவிளக்குக் கம்பத்தடிப் பெட்டிக் கடையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. அப்படியென்றால் இங்கே மெயின்தான் டிரிப் ஆகியிருக்கிறது. யாராவது போய்ப் பார்ப்பார்கள் என்று சும்மா நிற்க என் உடம்புக்குத் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். சமையற்கட்டுக்குப் பின்பக்கம் மெயின் போர்டு. மாவு மிஷினையும் அதே லைனில் போட்டிருந்தார்கள். சமையல்காரரைத் திட்டி, அதைப் பிடுங்கச் சொல்லி, சுவிட்சை மேலே தள்ளிவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தேன். மகள் மேடையில் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நல்ல நேரம் போய்விடும் என்று இருட்டிலேயே அழைத்து வந்துவிட்டார்கள்.

மறுபடியும் நான் பார்க்கவில்லை. அதை நினைக்கவும் நேரம் இல்லை. தாலி கட்டியாயிற்று, பந்தி நடந்தது, பெண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறினார்கள். சாயங்காலம் காலியான மண்டபத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் அது உறைத்தது. எத்தனை ஷிப்ட், எத்தனை சுவிட்ச். பெற்ற பிள்ளை நடந்த இரண்டு நடையையும் பார்க்கக் கொடுத்துவைக்காதவன்.

பழக்க தோஷத்தில் போனை எடுத்தேன். குரூப்பில் சித்தி ஒரு வீடியோ போட்டிருந்தார். போனைச் சாய்த்துப் பிடித்து எடுத்தது, ஓரத்தில் அவர் விரல் வேறு மறைக்கிறது. இருட்டு மண்டபம். மைக் இல்லாமல் நாதஸ்வரம் மட்டும் கேட்கிறது. நாலைந்து பேர் செல்போன் வெளிச்சம் காட்ட, மச்சினன் மெதுவாக முன்னால் வருகிறான். பின்னால் என் மகள். அவன் கையைப் பிடித்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கை இல்லை, ஒரே ஒரு விரலைத்தான் பிடித்திருந்தாள். அவள் மேடைப் படியில் காலை வைக்கிறாள், மண்டபம் முழுக்கப் பளிச்சென்று விளக்கு எரிகிறது.

அந்த விளக்கை எரியவிட்டது நான்.

எத்தனை தரம் பார்த்தேன் என்று தெரியாது. மணி இரண்டு எப்போதோ தாண்டியிருந்தது. "கிடைத்தது, அத்தை" என்று சித்திக்குப் பதில் போட்டேன். நேரம் போட மறந்துவிட்டேன்.